பிரிந்து வந்த கடிதம்: மலையகத்து நண்பர்களுக்கு இணைய அந்தரங்கத்தைப் புரியவைக்க ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கடிதம் எப்படி வீடு வந்து சேரும் என்பது தெரியும். லயம் என்ற வரிசை வீட்டின் காம்பராக்களுக்கு, அதாவது அறைகளுக்கு, தனித்தனி முகவரி இருப்பதில்லை. தபால் மொத்தமாகத் தோட்டத்து ஆபிசுக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்து அனுப்பப்படும். எனக்கு முதல் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு வந்தபோது உறையின் ஓரம் பிரிந்திருந்தது. தேர்வு நாள் கடந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. வேலை கைநழுவியது ஒரு வலி. நான் எங்கே விண்ணப்பித்திருந்தேன் என்பது என் அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்பே, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்ற பலருக்குத் தெரிந்திருந்தது அதைவிடப் பெரிய வலி.

கைத்தொலைபேசியின் அந்தரங்கம் பற்றி உறவினர்களிடமும் நண்பர்களிடமும் பேசத் தொடங்கியபோது, இந்தக் கடிதத்தை நான் மறந்துவிட்டிருந்தேன். அதனால்தான் முதல் இரண்டு ஆண்டுகள் ஒருவரையும் என்னால் அசைக்க முடியவில்லை. உங்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் வீணாக வேண்டாம் என்பதற்காக, நான் செய்து பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பேச்சை எங்கே தொடங்குவது

தொலைபேசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். பெரிய நிறுவனங்கள் நம் தகவலைத் திரட்டுகின்றன, விளம்பரத்துக்கு விற்கின்றன என்றும் தொடங்காதீர்கள். அது உண்மைதான். ஆனால் காலை ஏழு மணிக்கு மலைக்கு ஏறி மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற ஒருவருக்கு, கடல் தாண்டிய ஒரு நிறுவனம் அவர் எந்தச் சவர்க்காரம் வாங்குகிறார் என்று அறிந்துகொள்வது சுடுவதில்லை. தலையாட்டிக் கேட்பார், பிறகு டிக்டொக்கைத் திறப்பார். அவர்மீது குற்றமில்லை. நாம் தூரத்திலிருந்து தொடங்கியதுதான் பிழை.

சுடுவது அருகிலிருப்பவர்கள் அறிந்துகொள்வதுதான். கடன் கொடுத்தவர், சம்பந்தம் பேச வருகிறவர், தொலைபேசிக்குப் பணம் நிரப்பும் ரீலோட் கடைக்காரர், வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லும் ஏஜென்ட், பிரிந்துபோன காதலன் ஆகியோரைப் பற்றிப் பேசுங்கள். நிறுவனங்களின் கதை பிறகு வரலாம். வராமலே போனாலும் பரவாயில்லை.

என் பெரியம்மா, எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார்: "நான் என்ன திருடினேனா, மறைப்பதற்கு?" நான் வாதாடவில்லை. "உங்கள் தோடு எங்கே பெரியம்மா?" என்று கேட்டேன். அவர் பக்கத்துக் காம்பராவின் சுவரைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஹட்டனில் அடகில் இருக்கிறது என்றார். "ஏன் மெதுவாகச் சொல்கிறீர்கள்? திருடவில்லையே" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?" என்றார்.

அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. தனியுரிமை என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. பத்துக் காம்பரா லயத்தில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்த மக்கள் நாம். எதை இஸ்தோப்பு என்ற முன் திண்ணையில் பேசலாம், எதை அடுப்படியில் மட்டும் பேச வேண்டும், எதைப் பற்றித் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வாயே திறக்கக்கூடாது என்று நம் அம்மாமாருக்குப் பிசகாமல் தெரியும். அந்த அறிவு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தொலைபேசிக்குள் எந்த இடம் இஸ்தோப்பு, எந்த இடம் அடுப்படி என்று காட்டிக்கொடுப்பது மட்டுமே நம் வேலை.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கேள்வியை நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். அடகு வைத்த தோட்டைக் கூட்டத்தில் கேட்டால் நீங்களே அவருடைய அந்தரங்கத்தைக் கெடுத்தவர் ஆவீர்கள்.

ஒருவர், ஒரு மாற்றம், ஒரு ஞாயிறு

ஒரே நாளில் எல்லா அமைப்புகளையும் மாற்றிவிட ஆசை வரும். நண்பரின் தொலைபேசியை வாங்கி அரை மணி நேரத்தில் இருபது இடங்களைத் தட்டித் திருப்பிக் கொடுத்தால், மறுநாள் ஏதோ ஒன்று திறக்கவில்லை என்று அவர் எல்லாவற்றையும் பழையபடி மாற்றுவார். உங்களை மறுபடி கூப்பிடவும் மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு மாற்றம். தொலைபேசி அவர் கையிலேயே இருக்கட்டும், அவர் விரலே தட்டட்டும்.

இரகசிய எண் போடும் நேரம் வரும்போது எழுந்து வாசலுக்குப் போங்கள், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். "நீங்கள் என்ன போட்டீர்கள் என்று எனக்கும் தெரியக்கூடாது" என்று சொல்லுங்கள். இந்த ஒரு செயல், ஒரு மணி நேரப் பேச்சு கற்றுத்தராததைக் கற்றுத்தரும். மறந்துவிடுவேன் என்று பயப்படுகிறவர்கள் ஒரு கொப்பியில் எழுதி ட்ரங்குப் பெட்டிக்குள் வைக்கட்டும். கடவுச்சொல்லை எழுதவே கூடாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், நான் உடன்படவில்லை. எல்லாக் கணக்குக்கும் மகன் பெயரையே போடுவதைவிட, பெட்டிக்குள் கொப்பி எவ்வளவோ பாதுகாப்பானது.

முதல் வேலை: வட்ஸ்அப்புக்கு இரண்டாவது பூட்டு

முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் பக்கத்தில் குடும்பம், பள்ளிக்கூடம், சங்கம், சீட்டு எல்லாம் வட்ஸ்அப்பில்தான் நடக்கின்றன. அது பறிபோனால் பறித்தவர் நம் பெயரில் நம் உறவினர்களிடமே பணம் கேட்பார்.

பறிக்கும் முறையை முதலில் விளக்குங்கள். ஒரு புதிய தொலைபேசியில் உங்கள் எண்ணைப் போட்டு வட்ஸ்அப் திறக்க யாராவது முயன்றால், உங்கள் தொலைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியாக வரும். அந்த எண்தான் திறப்பு. உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் கணக்கிலிருந்தே செய்தி வரும்: "அக்கா, தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பிவிட்டேன், கொஞ்சம் சொல்லுங்கள்." தெரிந்தவர்தானே என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தத் தெரிந்தவரின் கணக்கு அதற்கு முன்பே பறிபோயிருக்கும்.

இனிச் செய்ய வேண்டியது இது. வட்ஸ்அப்பில் அமைப்புகள் என்ற செட்டிங்ஸ், அதற்குள் கணக்கு என்ற எக்கவுண்ட், அதற்குள் இரு படிச் சரிபார்ப்பு என்ற டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். அதைத் திறந்து ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றைத் தாமே தெரிவு செய்து போட வேண்டும். மின்னஞ்சல் முகவரி கேட்கும். இருந்தால் கொடுப்பது நல்லது, எண்ணை மறந்தால் அதன் வழியே மீட்கலாம். மின்னஞ்சல் கொடுக்காமல் எண்ணையும் மறந்துவிட்டால், புதிய தொலைபேசியில் திறக்க ஏழு நாட்கள் காத்திருக்க நேரிடும்.

இங்கே பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். குறுஞ்செய்தியில் வருவதும் ஆறு இலக்கம், நாம் தெரிவு செய்வதும் ஆறு இலக்கம். "ஒன்று வருவது, ஒன்று நாம் வைப்பது, இரண்டையும் யாரிடமும் சொல்லக்கூடாது" என்று இரண்டு மூன்று முறை சொல்லுங்கள். அவ்வப்போது வட்ஸ்அப் தானே அந்த இரகசிய எண்ணைக் கேட்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் பத்தாவது நாள் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து பூட்டையே எடுத்துவிடுவார்கள்.

எழுந்து வருவதற்கு முன், வட்ஸ்அப்பிலேயே இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற லிங்க்ட் டிவைசஸ் பகுதியையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கடைக் கணினியில் என்றோ திறந்த வட்ஸ்அப் அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். தெரியாத சாதனம் எதுவாக இருந்தாலும் தட்டி வெளியேற்றிவிடலாம்.

அடையாள அட்டை எண் பேசும்

அடுத்த ஞாயிறு இதைச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்தவரை, நம்பாதவர்களையும் நிமிர்ந்து உட்காரவைப்பது இதுதான்.

நண்பரிடம் அவருடைய தேசிய அடையாள அட்டை எண்ணை அவரே ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய அட்டை என்றால் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் அட்டை என்றால் 12 இலக்கங்கள். பழையதில் முதல் இரண்டு இலக்கங்களும், புதியதில் முதல் நான்கு இலக்கங்களும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண் என்றால் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 032 என்றிருந்தால் ஆண், பெப்ரவரி 1. 532 என்றிருந்தால் பெண், அதே பெப்ரவரி 1. பெப்ரவரிக்கு எல்லா ஆண்டும் 29 நாட்கள் என்றே கணக்கு. மார்ச் 1 முதல் பிறந்தவர்களுக்கு எண்ணும்போது அதை மறக்காதீர்கள்.

அவர் எழுதியதிலிருந்து அவருடைய பிறந்த நாளை அவரே கண்டுபிடிக்கும் அந்த நேரத்தில் கேளுங்கள்: "இந்த எண்ணை எத்தனை கடையில் கொடுத்திருக்கிறீர்கள்? உங்கள் வங்கி அட்டையின் இரகசிய எண் என்ன, பிறந்த ஆண்டா?" பதில் வேண்டியதில்லை. முகமே சொல்லும். வட்ஸ்அப் பூட்டுக்குப் பிறந்த ஆண்டைப் போட்டிருந்தால், தானாகவே மாற்றுவார்.

இந்த அட்டையைப் பற்றிப் பேசும்போது என்னால் நிதானமாக இருக்க முடிவதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. அட்டை இல்லை என்பதற்காகச் சோதனைச் சாவடிகளில் இறக்கி நிறுத்தப்பட்டவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய அட்டையின் படத்தை, முகம் தெரியாத ஒருவர் கேட்டவுடன் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோமே என்று சொல்லிப் பாருங்கள். வயதானவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

நடைமுறையில் அட்டைப் பிரதி கொடுக்காமல் வாழ முடியாது. எனவே கொடுக்கும் விதத்தைக் கற்றுக்கொடுங்கள். பிரதியின் குறுக்கே, படத்தையும் எண்ணையும் மறைக்காமல், பேனாவால் இரண்டு கோடு போட்டு நடுவில் "சிம் அட்டை பெறுவதற்கு மட்டும்" என்று எழுதி, தேதியும் போடட்டும். வேறு காரியத்துக்கு அந்தப் பிரதியைப் பயன்படுத்துவது அப்போது கடினமாகும். பிரதியும் அச்சும் எடுக்கும் கொமினிகேஷன் கடைக்குப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுத்தால், அச்சானவுடன் அனுப்பிய செய்தியை எல்லோருக்கும் அழியும்படி நீக்கட்டும். கடைக் கணினியில் சேமிக்கப்பட்ட பிரதி அதனால் அழியாது. அதைக் கடைக்காரர் நம் கண்முன்னால் அழிக்கும்படி கேட்க வேண்டும். முதல் தடவை கேட்பது கூச்சமாக இருக்கும். நான் கேட்ட எந்தக் கடைக்காரரும் மறுத்ததில்லை.

கடையில் நடப்பவை

ரீலோட் கடைகளில் ஒரு கொப்பி இருக்கும். பணம் கட்டுகிறவர் தன் எண்ணை அதில் எழுத வேண்டும்; அடுத்து வருகிறவர் எல்லா எண்களையும் பார்க்கலாம். ஓர் இளம் பெண் எண் எழுதிவிட்டுப் போன அன்று இரவே தெரியாத அழைப்புகள் வருவது நம் ஊர்களில் புதிதல்ல. சுரண்டும் அட்டை வாங்கிப் போடலாம், அல்லது வீட்டில் ஒருவரின் செயலி வழியே எல்லோருக்கும் போடலாம்.

திருத்தக் கொடுக்கும் தொலைபேசியும் அப்படித்தான். திரை உடைந்த தொலைபேசியைத் திறப்பு எண்ணுடன் கடையில் விட்டுவிட்டு வருவது, வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போவதைப் போன்றது. திரை மாற்றும் வரை பக்கத்தில் நிற்கலாம். விட்டுவிட்டு வரத்தான் வேண்டும் என்றால், முடிந்தவரை படங்களை வேறிடத்தில் சேமித்து, தொலைபேசியிலிருந்து அழித்துவிட்டுக் கொடுக்கலாம்.

கடன் தரும் செயலிகள் பற்றி ஒரே வார்த்தை: நிறுவும்போது தொடர்புப் பட்டியலையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால், அந்தக் கடன் வேண்டாம். தவணை தவறிய நாளில் உங்கள் மாமாவுக்கும் உங்கள் பிள்ளையின் ஆசிரியைக்கும் அழைப்புப் போவது அந்த அனுமதியால்தான்.

பெண் பிள்ளைகளிடம் பேசும்போது

இதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். அந்தரங்கம் என்று நாம் பேசத் தொடங்கியவுடன், வீட்டிலுள்ள பெரியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு "அதனால்தான் சொன்னேன், இவளிடம் போனைக் கொடுக்காதே" என்பார்கள். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பிள்ளையிடமிருந்து தொலைபேசியைப் பறிப்பதற்கு நம் வழிகாட்டல் ஒரு காரணமாகிவிட்டால், நாம் செய்தது தீங்கு.

அவளிடம் படமே போடாதே என்று சொல்லாதீர்கள். யார் பார்க்கலாம் என்று அவளே தீர்மானிக்கும் இடங்களைக் காட்டுங்கள். வட்ஸ்அப் முகப்புப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம். யார் வேண்டுமானாலும் குழுவில் சேர்த்துவிட முடியாதபடியும் வைக்கலாம். வகுப்புக் குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவள் எண் தெரியும் என்பதைச் சொல்லிவையுங்கள்.

யாராவது படத்தை வைத்து மிரட்டினால் என்ன செய்வது என்பதை, மிரட்டல் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பணம் கொடுக்கக்கூடாது. செய்திகளை அழிக்கக்கூடாது, திரையைப் படம் எடுத்து வைக்க வேண்டும். நம்பும் ஒருவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், "ஏன் அனுப்பினாய்?" என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். அந்தக் கேள்வி வரும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மாதக்கணக்கில் தனியாகத் துடிக்கிறார்கள். உதவிக்கு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை செர்ட் நிறுவனத்தின் 101, பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 ஆகிய எண்கள் இருக்கின்றன. இணையத்தில் துன்புறும் பெண்களுக்கென்றே ஹிதவதி என்ற சேவையும் இருக்கிறது. இந்த எண்களை அவள் தொலைபேசியில் இன்றே சேமித்துவையுங்கள், வேண்டுமானால் வேறு பெயரில்.

கேள்விகள் தானாக வரும்போது

இவ்வளவும் செய்தபின் சிலர் தாமாகக் கேட்பார்கள்: "அப்படியென்றால் வட்ஸ்அப்காரர்கள் நம் செய்தியைப் படிப்பார்களா?" இப்போது நிறுவனங்களைப் பற்றிப் பேசலாம். பழைய கடிதத்தை வைத்தே விளக்குங்கள். 2016 முதல் வட்ஸ்அப் செய்திகள் ஒட்டிய உறைக்குள் போகின்றன. வழியில் நிற்கும் நிறுவனமே பிரித்துப் படிக்க முடியாது. ஆனால் உறையின் மேலே யார் யாருக்கு, எப்போது அனுப்பினார்கள் என்பது தெரியும். அதோடு, கூகுளில் சேமிக்கப்படும் பிரதிக்குத் தனிப் பூட்டை நாமே போட வேண்டும்; பேக்கப் பகுதிக்குள் அந்த வசதி இருக்கிறது.

சிக்னல் செயலி உறையின் மேல் எழுதியிருப்பதையும் மிகக் குறைவாகவே வைத்துக்கொள்கிறது. எனக்கு அது பிடிக்கும். ஆனாலும் குடும்பம் முழுவதையும் அதற்கு மாறச் சொல்லி நச்சரிக்காதீர்கள். கட்டாரில் இருக்கும் அத்தையும் கொழும்பில் கடையில் நிற்கும் தம்பியும் ஐமோவிலும் வட்ஸ்அப்பிலும்தான் இருக்கிறார்கள். அவர்களை இழக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். மனம் ஒத்த இரண்டு பேர் தங்களுக்குள் மட்டும் தொடங்கட்டும்.

சட்டம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்று சொல்லலாம். அதை நம்பிப் பூட்டைப் போடாமல் இருக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கணக்கு பறிபோயிருந்தால்

பெரும்பாலும் உங்களைத் தேடி வருகிறவர்கள் இந்த நிலையில்தான் வருவார்கள். பதற்றத்தில் அழுவார்கள். முதலில் அவர்களுடைய தொலைபேசியில் வட்ஸ்அப்பை அவர்கள் எண்ணிலேயே மறுபடி திறக்கச் செய்யுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கத்தைப் போட்டவுடனேயே பறித்தவர் வெளியேற்றப்படுவார். அவர் தமக்கென ஓர் இரகசிய எண் வைத்திருந்தால் நமக்கு உள்ளே போக ஏழு நாட்கள் ஆகலாம். ஆனால் அந்த ஏழு நாட்களும் அவரும் உள்ளே இருக்க முடியாது. இதை உடனே சொல்லுங்கள், பாதி அழுகை அடங்கும்.

அடுத்து, பணம் கேட்டுச் செய்தி போயிருக்கக்கூடியவர்களைச் சாதாரண அழைப்பில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். முதலில் சீட்டுக் குழு, பிறகு வெளிநாட்டில் இருப்பவர்கள். யாராவது பணம் அனுப்பியிருந்தால் அனுப்பிய வங்கிக்கோ தொலைபேசி நிறுவனத்துக்கோ அன்றே அறிவித்து, பொலிசிலும் முறையிட வேண்டும். அழைப்புகளைக் கணக்கை இழந்தவர் ஒருவரே எடுக்க வேண்டாம்; பாதிப் பட்டியலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு நாட்களுக்குப் பிறகு கணக்கு திறக்கும்போது மறுபடி போய், இரண்டாவது பூட்டை அவர் கையாலேயே போடவையுங்கள். அவர் எண்ணைத் தட்டும்போது வாசலுக்குப் போய் நில்லுங்கள்.